பி.பி.சி. சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த ஆர்க்கெஸ்ட்ரா எப்போது தொடங்கியது? முதல் கச்சேரியில் என்ன வாசித்தார்கள்?

1930 அக்டோபர் 22, புதன்கிழமை மாலை, லண்டன் குயின்ஸ் ஹாலில். நடத்தியவர் அட்ரியன் போல்ட். வாக்னரின் ‘பறக்கும் டச்சுக்காரன்’ முன்னிசை, சான்-சான்ஸின் செல்லோ கான்செர்ட்டோ (ஒரு தனி வாத்தியமும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது), பிராம்ஸின் நான்காம் சிம்பொனி, கடைசியாக ராவேலின் ‘டாஃப்னிஸும் க்ளோயியும்’ இரண்டாம் தொகுப்பு. செல்லோ வாசித்தவர் போர்ச்சுகலைச் சேர்ந்த கில்லெர்மினா சூஜியா.

கடைசி உருப்படியைக் கவனியுங்கள். எந்த ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் அது ஒரு பரீட்சை. விடியற்காலையை வரைகிற முதல் பகுதியில் புல்லாங்குழல்களும் கிளாரினெட்டுகளும் அலை அலையாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முடிவில், நம் கண்ட நடைபோல ஐந்து எண்ணிக்கையில், முழுக் குழுவும் பாய்ந்து போகும். ஒத்திகைக்கு வந்தவர் ஒருவர், மேடையில் உட்கார்ந்தவர் வேறொருவர் என்றால் இதை வாசிக்கவே முடியாது. அந்தக் காலத்து லண்டனில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

லண்டனில் ஏற்கெனவே ஆர்க்கெஸ்ட்ராக்கள் இருந்தனவே, பி.பி.சி. ஏன் சொந்தமாக ஒன்றைத் தொடங்கியது?

மாற்றாள் முறைதான் காரணம். அன்றைய லண்டன் இசைக்கலைஞருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு கச்சேரிக்கும் தனித்தனிக் கூலி. செவ்வாய்க்கிழமை கச்சேரிக்கு ஒப்புக்கொண்டவருக்கு, அதே நாளில் கூடுதல் பணத்துக்கு வேறொரு வேலை வந்தால், தன் இடத்துக்கு ஒருவரை அனுப்பிவிட்டு அங்கே போய்விடுவார். திங்கட்கிழமை ஒத்திகைக்கு வந்தவர் ஒருவர், செவ்வாய் காலை ஒத்திகைக்கு வந்தவர் இன்னொருவர், மாலையில் மேடையேறுபவர் மூன்றாமவர் என்று ஆகும். குழுவை வழிநடத்தும் நடத்துநர் (கண்டக்டர்) திங்கட்கிழமை சொன்ன திருத்தம் செவ்வாய் மாலை வாசிப்பவரின் காதுக்கே போயிருக்காது.

இதை ஒழிக்க முயன்றவர்கள் சூடுபட்டிருக்கிறார்கள். குயின்ஸ் ஹால் ஆர்க்கெஸ்ட்ராவின் நடத்துநர் ஹென்றி வுட் மாற்றாட்களைத் தடை செய்தபோது, ஒரு பெருங்கூட்டம் விலகிப்போய் 1904இல் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கியது. வருமானம் போகும் என்றால் யார்தான் ஒப்புக்கொள்வார்கள்?

பி.பி.சி.யின் கையில் இருந்தது வேறு வகைப் பணம். வானொலிப் பெட்டி வைத்திருந்த ஒவ்வொரு வீடும் ஆண்டுக்கு 10 ஷில்லிங் லைசென்ஸ் கட்டணம் கட்டியது. (நம் ஊரிலும் அஞ்சலகத்தில் ரேடியோ லைசென்ஸ் கட்டிய காலம் உண்டு.) டிக்கெட் விற்றால்தான் சம்பளம் என்ற நிலை இல்லாததால், ஆண்டு முழுவதும் சம்பளம் தருகிறோம், மாற்றாள் கூடாது என்று ஒப்பந்தம் எழுத முடிந்தது. ஒப்பந்தத்தின் இந்த ஒரு வாசகம்தான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். 1927இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் லண்டனுக்கு வந்து வாசித்தபோது, ஒன்றாகவே இருந்து பழகிய குழு எப்படி ஒலிக்கும் என்பதை லண்டன் ரசிகர்கள் நேரில் கேட்டிருந்தார்கள். அதன் பிறகு பழைய முறைக்கு வக்காலத்து வாங்குவது கடினமாகிவிட்டது.

அதற்கு முன் வானொலியில் யார் வாசித்தார்கள்?

1922இல் ஒலிபரப்பு தொடங்கியபோது விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு சிறு குழு. 1924இல் ஒப்பந்தத்தில் 22 பேர். பெரிய உருப்படி என்றால் வெளியாட்களைச் சேர்த்துக்கொள்வார்கள். சிம்பொனிக்கு இது போதாது. ஆனால் அன்றைய மைக்கும் ஒலிபெருக்கியும் அதற்கு மேல் தாங்கியிருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

பி.பி.சி. தொடங்கிய குழுவில் 114 பேர் இருந்தார்களாமே, அத்தனை பேர் எதற்கு? தினமும் அத்தனை பேரும் வாசித்தார்களா?

இல்லை. முழுக் குழுவை இரண்டு விதமாகப் பிரிக்கலாம் என்று கணக்குப் போட்டு எடுத்த எண் அது. 114 பேரை 78 + 36 என்று பிரித்தால், ஒரு பக்கம் வழக்கமான சிம்பொனிக் குழு, இன்னொரு பக்கம் ஹைடன், மொசார்ட் அளவுக்குப் பொருந்தும் சிறு குழு. 67 + 47 என்று பிரித்தால் நடுத்தரமான இரண்டு குழுக்கள். ஒரு குழு ஒலிபரப்பில் இருக்கும்போது மற்றது ஒத்திகையில் இருக்கலாம். வாக்னர், மாலர், ஸ்ட்ராஸ் என்றால் எல்லோரும் ஒன்று சேருவார்கள். வாரம் முழுக்க இசை தேவைப்படுகிற வானொலிக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு இல்லை.

ஆனால் இந்த ஏற்பாட்டில் சரிசமமாகப் பிரியாதவை உண்டு. வயலின்களைப் பாதியாகப் பிரிக்கலாம். முதன்மை ஹார்ன் (வளைந்த பித்தளைக் குழல்) வாசிப்பவரைப் பிரிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பாதிக்கும் தனி வாசிப்புக்குத் தகுதியான முதன்மையாளர் வேண்டும். தொடக்கத்தில் ஆர்தர் கேட்டரால் லீடராகவும் (முதல் வயலின்களின் தலைவர்), ஆப்ரி பிரெய்ன் முதன்மை ஹார்னிலும் இருந்தார்கள். கேட்டராலுக்குப் பின் 1936 முதல் 1962 வரை லீடர் நாற்காலியில் இருந்தவர் பால் பியர்ட். ஒரே ஆள் 26 ஆண்டு முதல் நாற்காலியில் இருந்தால் வில் போடும் விதம், தொடங்கும் நொடி எல்லாம் குழுவின் பழக்கமாகவே ஆகிவிடும்.

நடத்துநர் தாமஸ் பீச்சம்தான் இந்தக் குழுவைத் தொடங்கினார் என்கிறார்களே?

தொடங்குவதற்கான பேச்சில் இருந்தார். 1928 முதல் பி.பி.சி. தலைவர் ஜான் ரீத்தோடு பேச்சு நடந்தது. குழு யார் கட்டுப்பாட்டில் இருக்கும் என்பதில் ஒத்துவரவில்லை. 1930 தொடக்கத்தில் பீச்சம் விலகினார். பிறகு 1932இல் லண்டன் ஃபில்ஹார்மோனிக்கைத் தாமே தொடங்கினார். பர்மிங்ஹாமிலிருந்த போல்ட் 1930இல் பி.பி.சி.யின் இசை இயக்குநராக வந்தார். அடுத்த ஆண்டு முதன்மை நடத்துநர் பதவியும் அவருக்கே வந்தது. நிர்வாகம், குழுவை நடத்தும் கோல் இரண்டும் ஒரே கையில்.

போல்ட் எப்படிப்பட்ட நடத்துநர்?

கை அதிகம் ஆடாது. நீளமான கோலின் நுனி மட்டும் பேசும். ஒத்திகையில் முதலில் ஒரு பகுதியை நிறுத்தாமல் வாசிக்கவிட்டுப் பிறகே திருத்துவார். குழு தன் தவறுகளில் பாதியைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. முதல் வயலின்கள் தமக்கு இடப்புறம், இரண்டாம் வயலின்கள் வலப்புறம் என்று எதிரெதிரே உட்கார வைப்பதில் பிடிவாதமாக இருந்தார். கேள்வி, பதில் போல எழுதப்பட்ட இடங்கள் அப்போதுதான் கேட்பவருக்குப் புரியும். ஒற்றை ஒலிபெருக்கி வழியே கேட்ட அந்தக் கால நேயருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்காது. ஸ்டீரியோ வந்தபின் கேட்கும்போதுதான் அவர் எவ்வளவு சரி என்று விளங்குகிறது.

ஆர்க்கெஸ்ட்ரா ஒத்திகை பார்த்த லண்டன் மைடா வேல் ஸ்டூடியோ முன்பு உண்மையிலேயே சறுக்குத் தளமா?

ஆம். 1909இல் சக்கரச் சறுக்கு விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட கட்டடம். முதலில் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வாட்டர்லூ பாலத்தருகே தேம்ஸ் கரையில் ஒரு பழைய கிடங்கைத்தான் ஸ்டூடியோவாகப் பயன்படுத்தினார்கள். 1932இல் பிராட்காஸ்டிங் ஹவுஸ் என்ற தலைமையகம் எழுந்தது. அதற்குள் ஒரு கச்சேரி அரங்கும் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகு பார்த்தால், முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அதில் இடம் போதவில்லை. அதனால்தான் மைடா வேல். 1934இல் குழு அங்கே குடியேறியது.

சறுக்குத் தளத்தின் பெரிய நன்மை, நடுவில் தூண் இல்லாத அகன்ற தரை. குறை, அந்த அகலத்துக்கு ஏற்ற உயரம் இல்லாதது. நூறு பேர் ஒரே நேரத்தில் உச்சத்தில் வாசித்தால் ஒலிக்கு மேலே விரிய இடமில்லை. பித்தளை வாத்தியங்களும் தாளவாத்தியங்களும் முன்னால் இருப்பவர்களின் காதை அடைத்துவிடும். ஸ்டூடியோவில் சரியாகக் கேட்ட சமநிலை, மறுநாள் லண்டனின் பெரிய கச்சேரி அரங்கான ஆல்பர்ட் ஹாலில் மாறிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒலிபரப்பில் எது எளிதில் கெட்டுப்போகும்?

ஒலியளவுதான். சிம்பொனியில் கேட்டும் கேளாத மெல்லொலியும் உண்டு, கூரை அதிரும் பெருமுழக்கமும் உண்டு. அக்கால டிரான்ஸ்மிட்டரால் இவ்வளவு பெரிய இடைவெளியைத் தாங்க முடியாது. மெல்லொலி இரைச்சலில் மூழ்கும்; பெருமுழக்கம் உடைந்து கரகரக்கும். ஆகவே கட்டுப்பாட்டு அறையில் இசைக்குறிப்பு படிக்கத் தெரிந்த ஒருவர், முழு ஸ்கோரையும் முன்னால் விரித்து வைத்துக்கொண்டு ஒலியளவுக் குமிழின் மேல் கை வைத்திருப்பார்.

வேலையின் நுட்பம் இதுதான்: முழக்கம் வந்தபின் குறைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் உச்சம் வரும் நொடியிலேயே ஒலி அமுங்கி, கேட்பவருக்கு ஏமாற்றமாகும். பல தாளச் சுற்றுகளுக்கு முன்பே, யாருக்கும் தெரியாதபடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி வைக்க வேண்டும். உச்சத்தில் குமிழைத் தொடவே கூடாது. மெல்லொலிக்கும் இப்படித்தான், தலைகீழாக. பக்கத்தைத் தவறாகப் புரட்டினால், அல்லது நடத்துநர் ஒத்திகையில் போகாத வேகத்தில் போனால், கணக்கு முழுக்கத் தப்பும்.

1934இல் வந்த பி.பி.சி.–மார்க்கோனி ரிப்பன் மைக் இந்த வேலையை மேம்படுத்தியது. அது முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் கேட்காது. அதைச் சற்றே திருப்பி வைத்து, முந்திக்கொண்டு வரும் ஒரு வாத்தியத்தை அடக்கலாம். நாற்காலி கிறீச்சிடுவதையும் தாள் புரட்டும் ஓசையையும் மட்டும் எந்த மைக்கும் மன்னிப்பதில்லை. சிவப்பு விளக்கு எரிந்தபின் அசையாமல் உட்காருவது ஸ்டூடியோ கலைஞர் முதலில் கற்கும் பாடம்.

சுருதி 440 ஆனதற்கும் பி.பி.சி.க்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இசை ஆர்வலர்கள் பலருக்கும் தெரியாத அழகான செய்தி இது. ஆர்க்கெஸ்ட்ரா சுருதி சேர்த்துக்கொள்வது ஏ என்ற ஸ்வரத்தை வைத்து. பிரிட்டனில் அதற்கு முன் புழங்கிய ஏ ஸ்வரத்தின் சுருதி நொடிக்கு 439 அதிர்வுகள். 1939 மே மாதம் லண்டனில் கூடிய சர்வதேச மாநாடு 440 என்று முடிவு செய்தது. பி.பி.சி. தன் சுருதி ஒலியை, நொடிக்கு 10 லட்சம் முறை அதிரும் ஒரு படிகத்திலிருந்து மின்சுற்று மூலம் எடுத்து ஒலிபரப்பியது. 10 லட்சத்தை ஆயிரத்தால் வகுத்தால் 1,000. பதினொன்றால் பெருக்கினால் 11,000. இருபத்தைந்தால் வகுத்தால் 440. ஆனால் 439 ஒரு பகா எண். அதைச் சிறு எண்களாகப் பிரித்து இப்படி வரவழைக்க அன்றைய மின்சுற்றுக்கு வழியில்லை.

எண் நிலைத்தாலும் மேடையில் சுருதி நிலைப்பதில்லை. அரங்கு சூடேற ஏறக் குழல் வாத்தியங்களின் சுருதி மேலே போகும், தந்திகள் தளர்ந்து கீழே வரும். குளிர்ந்த அறையிலிருந்து மேடைக்கு வந்த ஓபோ என்ற குழல் வாத்தியம் கொடுக்கும் ஸ்வரத்தை நம்பிச் சேர்த்தால், பத்து நிமிடத்தில் இரண்டு தரப்பும் விலகிப்போகும்.

புதிய இசைக்கு இந்தக் குழு செய்தது என்ன?

இங்கேதான் லைசென்ஸ் பணத்தின் முழு மதிப்பும் தெரிகிறது. டிக்கெட்டை நம்பும் குழுவால் ஒத்திகை நேரத்தை வாரி இறைக்க முடியாது. பி.பி.சி.யால் முடிந்தது. புதிய இசையின் முன்னோடியான இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கிடம் படித்த எட்வர்ட் கிளார்க் நிகழ்ச்சிகளைத் திட்டமிட்டார். 1934 மார்ச் 14 அன்று ஆல்பன் பெர்கின் ‘வோட்செக்’ ஓபரா முழுவதையும் கச்சேரி வடிவில் குயின்ஸ் ஹாலில் போல்ட் நடத்தினார். பிரிட்டனில் அது முழுமையாக ஒலித்தது அதுவே முதல் முறை. தந்தி, குழல், பித்தளை என்று ஒவ்வொரு பிரிவையும் தனியாக ஒத்திகை பார்த்து, பிறகு சேர்த்தார்கள்.

பெர்கின் வயலின் கான்செர்ட்டோ கதை இன்னும் தெளிவாகச் சொல்லும். 1936 ஏப்ரல் 19 அன்று பார்சிலோனாவில் உலக அரங்கேற்றம். நடத்த வந்தவர் பெர்கின் நண்பரும் இசையமைப்பாளருமான வெபர்ன். ஒத்திகை நேரத்தின் பெரும்பகுதியை முதல் சில தாளச் சுற்றுகளிலேயே செலவிட்டுவிட்டார். முடிக்க முடியாமல் விலகினார். ஹெர்மன் ஷெர்ஷன் பொறுப்பேற்றுக் கச்சேரியைக் காப்பாற்றினார். பன்னிரண்டு நாள் கழித்து, மே 1 அன்று, லண்டனில் பி.பி.சி. குழுவோடு அதே வெபர்ன் அதே படைப்பை நடத்தி முடித்தார். 1929 முதலே அவர் பி.பி.சி.யில் நடத்திவந்திருந்தார், அவர் கையைப் படிக்க அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். வயலின் வாசித்த லூயிஸ் கிராஸ்னர் அந்த ஒலிபரப்பின் தட்டுகளைப் பாதுகாத்து வைத்திருந்ததால் இன்றும் அதைக் கேட்க முடிகிறது.

ஆங்கில இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸின் நான்காம் சிம்பொனி (1935), ஆறாம் சிம்பொனி (1948) இரண்டையும் அரங்கேற்றியது போல்டும் இந்தக் குழுவும்தான். வால்டனின் முதல் சிம்பொனி முழுமையாக ஒலித்ததும் 1935 நவம்பரில் இவர்கள் வாசிக்கத்தான். நடத்தியவர் ஹாமில்டன் ஹார்ட்டி.

ஆங்கில இசையமைப்பாளர் எல்கரிடம் மூன்றாம் சிம்பொனியை எழுதித் தரும்படி கேட்டது பி.பி.சி.யா?

ஆம். 1932இல் 1,000 பவுண்டுக்கு. எல்கர் 1934 பிப்ரவரியில் காலமானபோது இருந்தவை 130 பக்கத்துக்கு மேற்பட்ட குறிப்புகள் மட்டுமே. யாரும் தொட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் குறிப்புகளில் பல ஏற்கெனவே ஒரு புத்தகத்தில் அச்சாகியிருந்தன. காப்புரிமைக் காலம் முடிந்தால் யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம் என்ற நிலையில், குறிப்புகளிலிருந்து சிம்பொனியை எழுதி முடிக்க இசையமைப்பாளர் ஆண்டனி பெய்னுக்குக் குடும்பத்தார் அனுமதி தந்தார்கள். 1998 பிப்ரவரி 15 அன்று ஆண்ட்ரூ டேவிஸ் நடத்த, பி.பி.சி. குழுவே அதை அரங்கேற்றியது. கேட்ட இடத்துக்கே 66 ஆண்டு கழித்து வந்து சேர்ந்தது.

போர்க்காலத்தில் எங்கே இருந்தார்கள்?

1939 செப்டம்பரில் பிரிஸ்டல். பலர் படைக்குப் போனதால் குழு சுருங்கியது. பிரிஸ்டலிலும் குண்டு விழத் தொடங்கியதால் 1941இல் பெட்ஃபோர்டுக்கு மாறினார்கள். அதே ஆண்டு மே 10 இரவு லண்டன் குயின்ஸ் ஹால் தீக்குண்டில் அழிந்தது. அதற்கு நிகரான ஒலியமைப்பு லண்டனுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை என்பது அதைக் கேட்டவர்களின் கருத்து.

புரோம்ஸ் என்பதும் பிராம்ஸ் என்பதும் ஒன்றா?

இல்லை, தமிழில் எழுதும்போது அடிக்கடி குழம்புகிறது. பிராம்ஸ் ஜெர்மன் இசையமைப்பாளர். புரோம்ஸ் 1895இல் தொடங்கிய லண்டன் கோடைக்கால இசைவிழா. 1927இல் பி.பி.சி. அதை ஏற்று நடத்தத் தொடங்கியது. 1930 முதல் மேடையில் பெரும்பாலும் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராதான். வாரத்துக்கு ஆறு இரவு கச்சேரி. ஒத்திகையோ மிகக் குறைவு. ஹென்றி வுட் அதைச் சமாளித்த விதம்: ஒவ்வொரு கலைஞரின் தாளிலும் பெரிய நீலப் பென்சிலால் வேகம், ஒலியளவு எல்லாவற்றையும் முன்கூட்டியே குறித்துவிடுவார். வாயால் விளக்குகிற நேரம் மிச்சம். 1944 ஜூலை 28 அன்று பெட்ஃபோர்டிலிருந்து பேத்தோவனின் ஏழாம் சிம்பொனியை ஒலிபரப்பில் நடத்தியதே அவரது கடைசிக் கச்சேரி. மூன்று வாரத்தில் காலமானார்.

போல்டுக்குப் பிறகு?

1950இல், 61 வயதில், பணி ஓய்வு விதியைக் காட்டி அவரை அனுப்பினார்கள். அது தவறு என்றுதான் சொல்ல வேண்டும். அதன் பிறகும் கால் நூற்றாண்டுக்கு மேல் அவர் முழு வீச்சில் நடத்தினார். பின்னால் வந்தவர்கள் மால்கம் சார்ஜென்ட் (1950–57), ருடால்ஃப் ஷ்வார்ட்ஸ் (1957–62), அந்தால் டொராட்டி (1963–66), காலின் டேவிஸ் (1967–71), பியர் புலேஸ் (1971–75), சிறிது காலம் ருடால்ஃப் கெம்பே, கென்னடி ரோஷ்டெஸ்ட்வென்ஸ்கி (1978–81), ஜான் பிரிட்சர்ட் (1982–89), ஆண்ட்ரூ டேவிஸ் (1989–2000), லெனார்ட் ஸ்லாட்கின் (2000–04), யிர்ஷி பியெலோலாவெக் (2006–12). 2013 முதல் சகாரி ஒராமோ.

ஐம்பதுகளில் தரம் சரிந்தது. புதிதாக வந்த லண்டன் குழுக்களான ஃபில்ஹார்மோனியாவும் ராயல் ஃபில்ஹார்மோனிக்கும் திறமையாளர்களை இழுத்தன. 1959இல் இசைப் பொறுப்பேற்ற வில்லியம் க்ளாக் நிகழ்ச்சிகளையே மாற்றியமைத்தார். புலேஸ் வந்தபோது குழு முப்பதுகளின் துணிச்சலுக்குத் திரும்பியிருந்தது.

1980இல் ஏன் வேலைநிறுத்தம்?

செலவைக் குறைக்க, தன்னிடமிருந்த 11 இசைக்குழுக்களில் ஐந்தைக் கலைக்கப்போவதாக பி.பி.சி. அறிவித்தது, 172 பேரின் வேலை போகும். இசைக்கலைஞர் சங்கம் ஜூன் மாதம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. சிம்பொனி குழுவின் வேலைக்கு ஆபத்து இல்லை. இருந்தும் சேர்ந்து நின்றார்கள். புரோம்ஸ் விழாவின் முதல் 20 கச்சேரிகள் நடக்கவில்லை. விழா ஆகஸ்ட் 7 அன்றுதான் தொடங்கியது. கலைக்கப்பட இருந்த ஐந்தில் ஒன்றான பி.பி.சி. ஸ்காட்டிஷ் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா தப்பியது.

2023 மார்ச்சில் மீண்டும் இதே நிழல்: இந்தக் குழு உட்பட மூன்று குழுக்களில் சம்பளப் பணியிடங்களை 20 சதவீதம் குறைக்கும் திட்டம், பி.பி.சி. சிங்கர்ஸ் பாடகர் குழுவை மூடும் முடிவு. கடும் எதிர்ப்புக்குப் பின், அந்த மாதமே மூடும் முடிவை நிறுத்தி வைத்தார்கள். நிரந்தர இடம் குறைந்தால் காலியான நாற்காலிக்குக் கச்சேரிக்குக் கச்சேரி வெளியாள் வருவார். 1930இல் எதை ஒழிக்க இந்தக் குழு தொடங்கப்பட்டதோ, அது பின்வாசல் வழியே திரும்பும் என்ற கவலை நியாயமானது. மைடா வேல் கட்டடமும் 2023இல் விற்கப்பட்டது. வாங்கியவர்களில் ஒருவர் திரையிசையமைப்பாளர் ஹான்ஸ் சிம்மர்.

முப்பதுகளின் ஒலிபரப்புகள் கிடைக்குமா?

பெரும்பாலானவை நேரடியாக ஒலித்துக் காற்றோடு போனவை. எஞ்சியவற்றில் சில, நேயர்கள் வீட்டிலேயே தட்டில் பதிந்தவை; கென்னத் லீச் என்ற பொறியாளர் பதிந்த தொகுப்பு பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஸ்டூடியோ இசைத்தட்டுகள் எளிதில் கிடைக்கும். முதலில் கேட்க வேண்டியவை: வான் வில்லியம்ஸ் தம் நான்காம் சிம்பொனியைத் தாமே நடத்திய 1937 பதிவு, டோஸ்கனினி நடத்திய பேத்தோவனின் ‘பாஸ்டரல்’ சிம்பொனி (1937), போல்ட் நடத்திய ஹோல்ஸ்டின் ‘கோள்கள்’ (1945).

இங்கிருந்து நேரடியாகக் கேட்க எத்தனை மணிக்கு உட்கார வேண்டும்?

லண்டனில் மாலை 7:30க்குத் தொடங்கும் கோடைக்கால புரோம்ஸ் கச்சேரி இந்தியாவிலும் இலங்கையிலும் சரியாக நள்ளிரவு 12 மணி. சிங்கப்பூரில் அதிகாலை 2:30. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பி.பி.சி.யின் ரேடியோ 3 நிலையத்தில் வரும். ஹெட்ஃபோன் வைத்துக் கேளுங்கள். மெல்லொலிப் பகுதியில் மின்விசிறி ஓசையே பாதியை விழுங்கிவிடும்.